பின்பனிக் காலத்தில் இருவர்

ஓராண்டை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்றொரு பழமொழியும் நம்மிடையே வழங்குகின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழும் நமக்குப் பின்பனி என்பது விடியற்காலையில் காதை மூடித் துவாய் கட்டிக்கொள்ளும் பெரியவர்களின் கவலை மாத்திரமே. வெயில் ஏறியதும் பனியும் போம், துவாயும் தோளுக்கு இறங்கிவிடும்.

தொல்காப்பியர் இப்பருவத்துக்கு வேறொரு கடமையையும் கொடுத்திருக்கின்றார். பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கினார். பாலையாவது பிரிவு. சுடுகின்ற கோடைக்கும் பிரிவுக்கும் உள்ள தொடர்பு விளங்குகின்றது. பின்பனிக்கும் பிரிவுக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு நாம் ஏட்டில் தேடிய விடையிலும் பார்க்கத் தெளிவான ஒரு விடையைக் கனடா தேசத்தின் தலைநகராகிய ஒட்டாவாவில் 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வீட்டில் கண்டோம். அதனையே இவ்வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகின்றோம்.

வடமராட்சியிலே பிறந்து, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே குடியேறிய ஒரு தம்பதியர் நம்மைத் தம் இல்லத்தில் தங்க வைத்திருந்தனர். அன்பர் ஒரு பாண் பேக்கரியில் இரவு வேலை செய்கின்றார். இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் வேலை. அவருடைய மனைவியாருக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பணி. பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கி இரவு பத்தரைக்கு முடியும். காலை ஏழு மணிக்கு முன்னதாக அவர் வீடு திரும்புவார். ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடிக்கும் வரை இருவரும் முகம் பார்த்துப் பேசுவர். பின்னர் அவர் உறங்கிவிடுவார். அவர் விழித்தெழும் நேரத்தில் மனைவியார் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அவர் இரவு வீடு திரும்பும்போது இவர் பேக்கரியில் மாவோடு நிற்பார். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கட்டில். ஆனால் கட்டிலில் ஒருவர் எழ மற்றவர் படுப்பர். ஞாயிறு ஒன்றே இருவருக்கும் பொதுவான பகல். அதுவும் இரவு ஒன்பது மணியோடு முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை எவரும் அவர்கள்மீது சுமத்தவில்லை. மகள் சிறு குழந்தையாக இருந்தபோது, பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைக்காமல் வளர்க்கவேண்டும் என்பதற்காகத் தாமே விரும்பி மேற்கொண்ட ஏற்பாடு அது. வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்கவேண்டும் என்று தொடங்கினர். பிள்ளை வளர்ந்து, வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போயும்விட்டாள். காரணம் போன பின்பும் காரியம் நின்றுவிட்டது. புலம்பெயர்ந்த நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இதனை நாம் கண்டிருக்கின்றோம். கடன், வேலையில் மூப்பு, ஓய்வூதியக் கணக்கு என்று ஒவ்வொன்றும் அந்த நேர ஒழுங்கில் வேர்விட்டுவிடுகின்றது. பிடுங்க நினைத்தால் மரமே சாயும்போலிருக்கின்றது.

அவர்கள் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே ஒரு காந்தத் துண்டின் கீழ் நாள்தோறும் ஒரு கடுதாசி தொங்கும். "மீன் குழம்பு மேல் தட்டில்." "நாளை பூச்சியத்துக்குக் கீழே 22. காதை மூடவும்." "உப்பு முடிந்தது, வாசலுக்குப் போடுவது, கறிக்கு அல்ல." கடைசியாகச் சொன்னது நமக்குச் சிரிப்பை உண்டாக்கிற்று. அந்நாட்டில் வாசற்படியில் உறைந்த பனிக்கட்டியை இளக்குவதற்கு உப்புத் தூவுகின்றனர். உப்புக் கலந்த நீர் பூச்சியத்திலும் தாழ்ந்த வெப்பநிலையிலேதான் உறையும் என்பதை மாணவர் அறிவர். அந்த உப்பு சப்பாத்துகளில் ஒட்டி வந்து, வீட்டுக்குள் வெள்ளைக் கோடுகளாய்க் காய்ந்து கிடக்கும். பின்பனிக் காலத்தில் அந்நாட்டில் எந்த வீட்டின் வாசலிலும் அந்த வெள்ளைக் கோட்டைக் காணலாம்.

குளிர்காலம் தொடங்கும்போது யாவருக்கும் ஓர் உற்சாகம் இருக்கின்றது. முதல் வெண்பனி, நத்தார் விளக்குகள், விருந்துகள் எல்லாம் வருகின்றன. தைப்பொங்கலை வீட்டுக்குள்ளே மின்னடுப்பில் பொங்கிக் கொண்டாடியதும் அவையெல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. அதற்கப்பால் மாசியும் பங்குனியும் வெறும் காத்திருப்பு. வெண்பனி சாம்பல் நிறம் பெற்று வீதியோரங்களில் அழுக்குக் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். ஒருநாள் உருகும், மறுநாள் இறுகும். வீட்டுக்குள்ளே வெப்பமூட்டும் பொறி ஓயாமல் இயங்குவதனால் காற்று வரண்டு, உதடு வெடித்து, கதவின் கைபிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் அடிக்கின்றது. கார்த்திகையில் வரும் குளிரிலும் மாசியில் நின்றுகொண்டிருக்கும் குளிரே மனிதரை வாட்டுகின்றது என்பது நம் கருத்து.

வெளிச்சத்தின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஒட்டாவாவிலோ அந்த வேறுபாடு ஏறக்குறைய ஏழு மணித்தியாலங்கள். மார்கழியில் பகல் ஒன்பது மணித்தியாலங்கூட இல்லை. நமது உடம்போ ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருளும் நாட்டில் உருவானது. ஆனால் மாசி மாதத்தில் அங்கே ஒவ்வொரு நாளும் பகல் சுமார் மூன்று நிமிடம் நீளுகின்றது. ஒரு கிழமையில் இருபது நிமிடம் வரை வந்துவிடும். குளிர் குறையாதிருந்தும் ஒளி பெருகிவரும் விந்தையான பருவம் அது. வெளியே இறங்குபவருக்கு அந்த ஒளி கிடைக்கின்றது. யன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு இருப்பவருக்கு மார்கழி முடிவதேயில்லை.

அந்த அம்மையார் பல ஆண்டுகள் அவ்வாறே இருந்தவர். காலை முழுவதும் கணவர் உறங்குவதனால் வீட்டில் சத்தம் கூடாது. அரைக்கும் பொறியைப் போடமுடியாது, வானொலியைத் திருப்பமுடியாது, தொலைபேசியில் ஊருக்குப் பேசினாலும் இரகசியம்போலப் பேசவேண்டும். மகள் போன பின்னர் அந்த அமைதி இன்னும் கனத்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமக்கு ஒன்றிலும் விருப்பமில்லாது போயிற்று என்று அவர் நம்மிடம் மறைக்காமல் கூறினார். சமைப்பார், உண்ணமாட்டார். எழுந்திருப்பார், தலைவாராமலே யன்னலருகில் இருப்பார். குளிர்சாதனப் பெட்டிக் கடுதாசியில் நாளுக்கு நாள் எழுத்துகள் குறைந்தன. ஒருநாள் வெறுங் கடுதாசியே தொங்கிற்றாம். அதைக் கண்டபிறகே கணவருக்கு அச்சம் உண்டாகி, வேலைக்கு விடுப்பெடுத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் மருந்தோடு இன்னுமொன்றையும் விதித்தார்: நாள்தோறும் பகல் வெளிச்சத்தில் வெளியே நடமாட வேண்டும், குளிர் என்று சாக்குச் சொல்லக்கூடாது.

எங்கே போவது? அவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் அடையக்கூடிய இடம் ரீடோ கால்வாய்.

இந்தக் கால்வாயின் வரலாறு நம் நாட்டவர் அறியத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு மீண்டும் போர் மூளலாம் என்று அஞ்சிய பிரித்தானியர், ஒட்டாவா ஆற்றையும் ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள கிங்ஸ்ரன் நகரையும் இணைத்து 202 கிலோமீற்றர் நீளமுள்ள நீர்வழி ஒன்றை 1826 முதல் 1832 வரை அமைத்தனர். கேணல் ஜோன் பை என்னும் பொறியியலாளர் அதனை நடத்தினார். ஒட்டாவாவுக்கு 1855 வரை அவர் பெயரால் பைரவுண் என்றே பெயர். அந்த வேலையில் மாண்ட தொழிலாளர் பலரைக் கொன்றது மலேரியாக் காய்ச்சல். பனிக்கட்டித் தேசத்தில் மலேரியாவா என்று நாம் வியந்தோம். கோடையில் அச்சதுப்பு நிலங்களில் நுளம்பு பெருகியதே அதற்குக் காரணம். 1934-35இல் நமது இலங்கை அந்நோயால் பட்டபாட்டைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டவர்களுக்கு இது நெருக்கமான செய்திதான். போர் வரவில்லை. கால்வாய் நின்றது. 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

நகரத்தின் நடுவே ஓடும் அக்கால்வாயின் 7.8 கிலோமீற்றர் நீளம் குளிர்காலத்தில் உறைந்து, மக்கள் சறுக்கிச் செல்லும் பெருவீதியாக மாறுகின்றது. 1970-71 குளிர்காலத்தில் விளக்குமாற்றாலும் சவளாலும் சிறிதளவு இடத்தைத் துப்புரவாக்கித் தொடங்கியது இவ்வழக்கம். இப்போது அதற்கென ஒரு பணிப்படையே இருக்கின்றது. இலையுதிர் காலத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்துகின்றனர். உறைந்தபின் பனிக்கட்டியில் துளையிட்டுக் கனம் பார்க்கின்றனர். இரவுகளில் மேலே நீரைப் பாய்ச்சித் தடிப்பாக்குகின்றனர். நல்ல பனிக்கட்டி 30 சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும். அதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 10 முதல் 20 பாகை வரை குளிர் பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து நிலவவேண்டும். பச்சைக் கொடி பறந்தால் இறங்கலாம். சிவப்புக் கொடி என்றால் இறங்கக்கூடாது. கட்டணம் ஒரு சதமும் இல்லை. காலையில் தோற்பையை முதுகில் மாட்டிக்கொண்டு கந்தோருக்குச் சறுக்கிப் போகும் உத்தியோகத்தரையும், குழந்தையைச் சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளிப்போகும் தாயையும், எழுபது வயதுக் கிழவரும் கிழவியும் கைகோத்து ஒரே தாளத்தில் காலெடுத்து வைத்துப் போவதையும் அங்கே காணலாம்.

அம்மையார் கரையில் நின்று முதலிற் கண்டது அப்படியொரு முதிய தம்பதியரையாம். "அண்ணா, அந்த மனிசி விழேக்கை அவரும் விழுந்தார். இரண்டுபேரும் எழும்பாமல் இருந்து சிரிச்சினம்" என்று அவர் நம்மிடம் சொன்னபோது, கண்டது நேற்று என்பதுபோல் முகம் மலர்ந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் தம் காலளவுக்கு ஏற்ற சறுக்குச் சப்பாத்து ஒரு சோடியை வாங்கி, கணவருக்குச் சொல்லாமல் கட்டிலின் கீழே வைத்தார். நகரசபையின் உள்ளரங்கில் வளர்ந்தோருக்கு நடக்கும் வகுப்பிலும் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

2022-23ஆம் ஆண்டுக் குளிர்காலம் வந்தது. கால்வாய் திறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருமுறையேனும் தவறாத வழக்கம் அவ்வாண்டுதான் முதன்முதலாகத் தவறிற்று. குளிர் தொடர்ந்து நிலைக்காமையால் பனிக்கட்டி வேண்டிய கனத்தை எட்டவில்லை. மாசி முடியும்வரை எதிர்பார்த்திருந்து, இனி இல்லை என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டனர். சூழல் வெப்பமேறுவது பற்றி நாம் பத்திரிகைகளிலே படிக்கின்றோம். கட்டிலின் கீழே கிடந்த ஒரு சோடிச் சப்பாத்தின் வழியாக அது ஒரு வீட்டுக்குள் நுழைந்த விதம் இது.

ஆனால் அந்தத் திறவாத கால்வாயே அவ்விருவரையும் சேர்த்தது என்று சொன்னால் மிகையாகாது. ஞாயிறுதோறும் அம்மையார் கொடி எந்நிறம் என்று பார்க்கப் போவார். கரையோரப் பாதை வழுக்கும் என்று அஞ்சிய கணவர், ஒருநாள் தாமும் புறப்பட்டார். அவருக்கு வெளியே உலாவும் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் உறக்கம், பின்னர் தொலைக்காட்சி. முதல்நாள் கால்மணி நடந்ததும் "போதும், திரும்புவம்" என்றாராம். இரண்டாம் ஞாயிறு அரைமணி. மூன்றாவது ஞாயிறு, பேச்சு வாக்கில் இருவரும் டவ்ஸ் ஏரி வரை போய்விட்டனர். சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டு நடப்பதும், வழியில் ஒரு வாங்கிலிருந்து சுடுநீர்ப் போத்தலில் கொண்டுபோன இஞ்சித் தேத்தண்ணீரைக் குடிப்பதும் அவ்வாண்டு முழுவதும் வழக்கமாயிற்று. வீட்டில் பேசமுடியாதவற்றை நடக்கும்போது பேசமுடிந்தது என்றார் அன்பர். முகத்துக்கு முகம் பார்க்காமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பேசுவதில் ஓர் இலகு இருக்கின்றதுபோலும். கட்டிலின் கீழேயிருந்த சப்பாத்தின் கதையும் அப்படியொரு நடையிலேதான் வெளிவந்தது. கோபிப்பார் என்று அம்மையார் எண்ணினார். அவரோ, "விலை என்ன?" என்று மாத்திரம் கேட்டுவிட்டு, சிறிது தூரம் போனபின், "எனக்கும் பாத்திருக்கலாமே" என்றாராம்.

அடுத்த குளிர்காலத்தில் கால்வாய் சில நாள்களே திறந்திருந்தது. அந்த நாள்களில் அம்மையார் காலை வேளைகளில் தனியே போய்ச் சறுக்கினார். 2025இல் குளிர் நன்கு பிடித்தது. சனவரியிலேயே கொடி பச்சையாயிற்று. ஆகவே நாம் சென்றபோது இருவரையும் பனிக்கட்டியின்மேல் காணும் பேறு நமக்கும் வாய்த்தது.

வெளியே இறங்குவதற்கு முன் நம்மை உடுத்துவிப்பதற்கே அரைமணித்தியாலம் சென்றது. வாழைத்தண்டின் மடல்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடைகளை அணியவேண்டும் என்பது அங்குள்ளோர் கண்ட முறை. தடித்த ஒரே அங்கியிலும் பார்க்க, பல மெல்லிய உடைகளுக்கிடையே அகப்பட்டு நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கின்றது. உள்ளே பருத்தி உடுக்கக்கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகி உடம்பைக் குளிரச்செய்துவிடும். நாம் ஆசையோடு கொண்டுபோயிருந்த பருத்திப் பெனியன்கள் யாவும் பெட்டியிலேயே தங்கிவிட்டன.

கால்வாயில் நாம் கண்ட காட்சி இதுதான். அம்மையார் சறுக்குச் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டி, எழுந்து, இரண்டெட்டில் மிதப்பவர்போல் நழுவிச் சென்று, ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தார். அன்பர் வாடகைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பிறந்த மாட்டுக்கன்றுபோலக் கால்பரப்பி நின்றார். பாண் அடுப்பின்முன் பதினைந்து ஆண்டு அசையாது நின்ற மனிதர், வழுக்கும் தரையில் தம் கால்களையே நம்பாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, கீழை பாக்காதையுங்கோ. முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கோ. முன்னுக்குப் பாருங்கோ."

"முன்னுக்குப் பாத்தா விழுந்துபோவன்."

"விழுந்தா என்ன? பக்கவாட்டிலை விழுங்கோ. பின்னுக்கு மட்டும் விழாதையுங்கோ."

அவர் பக்கவாட்டிலே விழுந்தார். அவ்வழியே வந்த நாலைந்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்று, அவரை இரக்கத்தோடு பார்த்து, ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு ஓடினாள். அம்மையார் கைகொடுத்துத் தூக்கினார். கலியாணத்தன்று பிடித்த கையைப் பிறகு பலர்முன் பிடித்ததில்லை என்று பின்னர் நம்மிடம் வேடிக்கையாகச் சொன்னவர் அன்பர்தான். அன்று மாலைவரை அந்தக் கையை விட்டாலன்றோ! விட்டால் விழுந்துவிடுவார். நம் சமூகத்துக் கணவன்மாருக்கு மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு வீதியில் நடப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கின்றது. அந்தச் சாக்கை அளித்த பனிக்கட்டியை நாம் வாழ்த்தினோம்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகின்றது என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். சப்பாத்தின் அலகு அழுத்துவதனால் பனிக்கட்டி உருகி நீராகின்றது என்று நம் பள்ளிக்கூட நூல்களிற் படித்தோம். மனிதரின் பாரம் அவ்வளவு உருக்குதலுக்குப் போதாது என்று பின்னர் காட்டியுள்ளனர். பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே, திரவம்போல நெகிழ்ந்து நிற்கும் மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கின்றது. உராய்வின் வெப்பமும் அதனோடு சேருகின்றது. மைக்கேல் பரடே 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படலத்தை உய்த்துணர்ந்து கூறினார்.

கால்வாயின் நடுவே சிறு கடைகள் இருக்கின்றன. பீவர் என்னும் விலங்கின் வாலைப்போல நீளத்தட்டி எண்ணெயிற் பொரித்து, கறுவாத்தூளும் சீனியும் தூவிய ரொட்டி அங்கே பெயர்பெற்றது. பீவர் ரெயில்ஸ் என்பர். நமது கறுவா அங்கே பனிக்கட்டியின்மேல் மணப்பதைக் கண்டு நாமும் பெருமிதத்தோடு ஒன்று வாங்கிச் சாப்பிட்டோம். அம்மையார் சுருட்டி எடுத்துவந்திருந்த உழுந்து வடை கல்லாய் விறைத்திருந்தது. அன்பர் அதனைத் தேத்தண்ணீரில் தோய்த்து உண்டார்; பேக்கரியில் வேலை செய்பவருக்கு இனிப்பு ரொட்டி வேண்டாமாம்.

அன்று கரையில் வயது முதிர்ந்த ஒருவர் ஓர் எச்சரிக்கை கூறினார். பராமரிக்கப்படும் இடத்தைவிட்டு வேறெந்த ஏரியிலோ ஆற்றிலோ பின்பனிக் காலத்தில் கால்வைக்க வேண்டாம் என்பது அது. மார்கழியில் பிடித்த புதுப் பனிக்கட்டி மெல்லியதாயினும் இறுக்கமானது. பங்குனிப் பனிக்கட்டி தடித்ததாயினும், வெயிலில் உள்ளே இற்று, மெழுகுதிரிகளை அடுக்கினாற்போல நெடுக்காகப் பிளந்து நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆண்டுதோறும் இதில் உயிர்கள் போகின்றன. கனடாவில் பிள்ளைகளையுடைய நம் நேயர்கள் இதனை எழுதி அனுப்புவது நன்று.

இன்னுமோர் ஆபத்து வாசலிலேயே இருக்கின்றது. இரவு முழுவதும் வெண்பனி பெய்து ஓய்ந்தபின், வீதியைத் துப்புரவாக்கும் யந்திரம் வந்து, வீட்டு வாசலுக்கு நேரே ஈரப் பனியை வரம்புபோல் தள்ளிவிட்டுப் போய்விடும். அது பஞ்சுபோன்றதன்று, நனைந்த மணலின் பாரம். இரவெல்லாம் நின்று வேலைசெய்து வந்த அன்பர், உறங்குமுன் அதை வெட்டிவிடலாம் என்று சவளை எடுப்பார். கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். நடுத்தர வயது ஆண்கள் பலர் சவளோடு சரிந்திருக்கின்றனர். அதனால் அவ்வீட்டில் ஒரு சட்டம் இருக்கின்றது. வரம்பின் பாதியை அம்மையார் வெட்டுவார். சிறிது சிறிதாக, தூக்காமல் தள்ளி. மற்றப் பாதி அன்பருக்கு. கடுதாசியில் இப்போது "என் பாதி முடிந்தது" என்றும் எழுதப்படுகின்றது.

நாம் விடைபெறுவதற்கு முந்திய ஞாயிறு, மார்ச் 9ஆம் திகதி, மேப்பிள் தோப்பு ஒன்றுக்குப் போவதாக ஏற்பாடு. இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலுமாக வெப்பநிலை ஏறியிறங்கும் சில கிழமைகளிலே மாத்திரம் சீனி மேப்பிள் மரத்தில் துளையிட்டால் இனிய நீர் சொட்டுகின்றது. பின்பனிக்கே உரிய விளைச்சல் அது. நூற்றுக்கு இரண்டு பங்களவே சீனியுள்ள அந்நீரை நாற்பது லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும். ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அறிந்திருந்த கலை இது. கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி செய்த குடும்பத்தில் பிறந்த அன்பர், தாம் முதன்முறை அங்கே போனபோது, ஆவி பறக்கும் அந்தத் தாச்சியருகே நின்று, வாசனை ஒன்றுதான் வேறு என்று சொல்லிச் சற்றுநேரம் பேசாமலிருந்தாராம். பாகைக் கொதிக்கக் கொதிக்க வெண்பனிமேல் ஊற்றினால் உடனே இழுகுபதமாய் இறுகும். அதனை ஒரு குச்சியிற் சுற்றிச் சுவைப்பது சிறுவர் பெரியவர் எல்லோருக்கும் உற்சாகம்.

ஆனால் அந்த ஞாயிறு ஒரு சங்கடத்தோடு விடிந்தது. அந்நாட்டில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு பின்னிரவில் இரண்டு மணியை மூன்று மணியாக்கிக் கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகின்றனர். அன்றுவரை நமக்கும் அவர்களுக்கும் இருந்த பத்தரை மணித்தியால வேறுபாடு ஒன்பதரையாகிவிடும். அதனை மறந்த அன்பரின் தாயார் வல்வெட்டித்துறையிலிருந்து வழக்கமான நேரத்தில் அழைத்தபோது, இங்கே இருவரும் குளிராடையும் சப்பாத்தும் அணிந்து வாசலில் நின்றிருந்தனர். தாயாருக்கு விளக்கம் சொல்லி முடிய மேலும் கால்மணி சென்றது.

"கிழமையிலை ஏழு நாள் கிடக்கு. இவங்களுக்கு ஒரு மணித்தியாலத்தை வெட்ட எங்கடை ஞாயிற்றுக்கிழமைதான் கிடைச்சுதோ?" என்று அம்மையார் முறையிட்டார். இரவு ஒன்பது மணிக்கு அன்பர் பேக்கரிக்குப் புறப்படவேண்டும், அதில் மாற்றமில்லை. இழந்த மணித்தியாலத்தை எதிலே கழிப்பது என்று இருவரும் வாசலில் நின்றபடியே ஆலோசித்தனர். தோப்பில் குறைக்க அம்மையாருக்கு மனமில்லை. உறக்கத்தில் குறைக்க அன்பரை அம்மையார் விடவில்லை. முடிவில், மத்தியானச் சமையலை விட்டுவிடுவது என்று தீர்மானமாயிற்று. அன்பர் சப்பாத்தோடு குசினிக்குள் ஓடி, முதல்நாள் தாமே கொண்டுவந்த பாண் ஒரு இறாத்தலையும், போத்தலில் இருந்த சம்பலையும் பையிற் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோடு குசினிவரை நீண்டிருந்தது. அம்மையார் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் கதவைப் பூட்டினார்.